சீருடையோடு முடித்துவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் படையை நடத்திய கேப்டன் லட்சுமியைப் பற்றி நீ எழுதியிருக்கும் ஓராள் நாடகத்தின் பிரதியை இரண்டு தடவை படித்துவிட்டேன். வேகம் இருக்கிறது. உன் குரலுக்கும் நடைக்கும் பொருந்திய பாத்திரம்தான். ஆனால் திரை விலகும்போதே துப்பாக்கியோடு நிற்கிறாய். பர்மாவில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் விளக்கு அணைந்துவிடுகிறது. 1914இல் சென்னையில் பிறந்து 2012 வரை வாழ்ந்தவர் அவர். அந்த நீண்ட ஆயுளில் சீருடை அணிந்த காலம் முழுதாக இரண்டு வருடம்கூட இல்லை. மீதியை விட்டுவிட்டால் மேடையில் நிற்பது சுவரொட்டியில் பார்த்த லட்சுமிதான்.

முதலில் லட்சுமியின் அம்மாவை மேடைக்குக் கொண்டு வா. மகளை வழியனுப்பிக் கண் கலங்குகிற தாயாக அம்மு சுவாமிநாதனை ஒரே வரியில் முடித்திருக்கிறாயே, படித்தபோது மனம் பொறுக்கவில்லை. பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரை வடக்கத்து வீட்டின் கடைசிப் பெண் அம்மு. பள்ளிக்கூடம் போகாதவர். சிறுவயதில் தனக்கு உதவிய மனிதரின் குடும்பம் என்ற நன்றியோடு அந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார் சுவாமிநாதன். வெளிநாடு சென்று படித்துத் திரும்பிய வழக்கறிஞர்; அம்முவைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். பதின்பருவத்தில் அப்போதுதான் கால் வைத்திருந்த அந்தச் சிறுமி அவரிடம் நிபந்தனைகள் வைத்தாள். சென்னையில்தான் குடியிருப்பேன், எனக்கு ஆங்கிலம் கற்றுத்தர ஏற்பாடு செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய் என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. அவர் அத்தனைக்கும் ஒப்புக்கொண்டார். அவர் பிராமணர், அவள் நாயர். அன்றைய வழக்கப்படி முறையான மணமல்லாத சம்பந்த உறவாகவே வைத்துக்கொண்டு போயிருக்கலாம். முறையாகத் திருமணம் செய்துகொண்டார். இதைவிட நல்ல முதல் காட்சி உனக்கு வேறு எங்கே கிடைக்கும்?

அந்த ஆனக்கரை வீட்டில்தான் சிறுமி லட்சுமி, தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த பழங்குடிப் பெண் குழந்தை ஒருத்தியின் கையைப் பிடித்து விளையாட அழைத்துப் போய்ப் பாட்டியின் கோபத்துக்கு ஆளானாள். பின்னாளில் சென்னை வீட்டில் சரோஜினி நாயுடுவின் தங்கை சுஹாசினி சட்டோபாத்யாய வந்து தங்கியிருந்தபோது, பொதுவுடைமை இயக்கத்தைப் பற்றி அவர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தார். சிங்கப்பூரில் நேதாஜியின் ஒரு பேச்சைக் கேட்டு திடீரென்று வேறு ஆளாக மாறியவர் போல நீ காட்டுகிறாய். அவர் ஏற்கெனவே பாதி வழி நடந்து வந்திருந்தார்.

லட்சுமியின் தங்கை மிருணாளினியை ஒரு நடனத் துண்டுக்காக மட்டும் நுழைக்காதே. மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்று, விஞ்ஞானி விக்ரம் சாராபாயை மணந்து, அகமதாபாத்தில் தர்ப்பணா நடனப் பள்ளியை நிறுவியவர் அவர். அவருக்குத் தனி நாடகமே எழுதலாம். இந்தப் பிரதியில் அம்மாவும் மகளும் போதும். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் அம்மா. அதே ஆண்டு ஜப்பானியர் பிடித்த சிங்கப்பூரில் மகள். ஒருவர் காந்தியின் வழி, மற்றவர் ஆயுத வழி. பின்னர் அம்மா அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தார், 1952இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். இந்த இருவரையும் உன் ஒரே உடம்பில் மாற்றி மாற்றி நடித்துக் காட்டு. உன்னால் முடியும் என்பதால்தான் சொல்கிறேன்.

அடுத்தது மருத்துவம். 1938இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., பிறகு மகப்பேறு மருத்துவத்தில் பட்டயம், திருவல்லிக்கேணி அரசு மருத்துவமனையில் வேலை. முதல் திருமணம் நிலைக்கவில்லை. 1940இல் சிங்கப்பூர் போய், இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். உன் பிரதியில் ஒரு நோயாளியின் நாடியைக்கூட அவர் தொட்டுப் பார்க்கவில்லை! ஒத்திகைக்கு முன் ஏதாவது ஒரு பிரசவ வார்டில் மருத்துவர்களின் கைகளைக் கவனித்துவிட்டு வா.

ராணுவக் காட்சிகளில் காக்கிக்கு அவசரப்படாதே. 1943 ஜூலையில் நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை கொடுத்த 20 பெண்களும் சேலையில்தான் கனத்த துப்பாக்கியை ஏந்தி நின்றார்கள். ஜான்சி ராணிப் படை என்ற அந்தப் பெண்கள் படையின் பயிற்சி முகாம் அக்டோபர் 22ஆம் தேதிதான் தொடங்கியது. அதற்கு முந்தைய நாள் அறிவிக்கப்பட்ட நேதாஜியின் ஆசாத் ஹிந்த் இடைக்கால அரசில் லட்சுமி ஒருவரே பெண் அமைச்சர்.

அந்தப் படையில் சேர்ந்த பலர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவையே பார்த்திராதவர்களும் அவர்களில் உண்டு. பால்மரம் வெட்டிய கை, லயத்து வரிசை வீட்டு வாழ்க்கை, கங்காணியின் அதட்டலைக் கேட்டு வளர்ந்த காது. இந்துஸ்தானியில் வரும் கட்டளைக்கு அவர்கள் அடியெடுத்து வைத்துப் பழகிய காட்சியை நீ எழுதியே ஆக வேண்டும். படையில் லட்சுமிக்கு அடுத்த நிலைக்கு உயர்ந்த ஜானகி தேவர் கோலாலம்பூர்த் தமிழ்ப் பெண். 1945இல் பர்மாவிலிருந்து பின்வாங்கும் வழியில் ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இரு வீராங்கனைகள் இறந்தார்கள். அந்தப் பெயர்களை மேடையில் உரக்கச் சொல்.

இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான செங்கோட்டை விசாரணையை நீட்டாதே. அது பல முறை காட்டப்பட்டுவிட்டது. அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்ற பிரேம் சாகலை 1947 மார்ச்சில் லாகூரில் மணந்து அவர் கான்பூருக்குப் போனார் என்பது போதும்.

அதன் பிறகு வருவதுதான் உன் நாடகத்தின் இரண்டாம் பாதி. பிரிவினையால் வந்து குவிந்த அகதிகளுக்கு மருத்துவம். 1971இல் வங்கதேச அகதி முகாம்கள். அதே ஆண்டுவாக்கில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1984இல் சீக்கியர்களுக்கு எதிராகக் கும்பல் கிளம்பியபோது, எழுபது வயதில் தெருவில் இறங்கி, தன் மருத்துவமனைப் பக்கத்துச் சீக்கியர் கடைகளில் கை வைக்க விடாமல் தடுத்தார். அந்த டிசம்பரிலேயே மருத்துவக் குழுவோடு விஷவாயு கசிந்த போபாலில் இருந்தார். 2002இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். தோற்பது உறுதி என்று தெரிந்தே நின்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் காலையில் நோயாளிகளைப் பார்த்தார். இறந்த பிறகு உடலையும் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்.

துப்பாக்கியை வீரம் என்று கைதட்டும் கூட்டம் உனக்கு எளிதாகக் கிடைக்கும். அந்த எழுபது வயதுப் பெண்மணி ஆயுதம் எதுவும் இல்லாமல் கும்பலுக்கு முன்னால் நின்றதைப் பார்க்க வைப்பது கடினம். அந்தக் கடினமான வேலையை எடுத்துக்கொள். கடைசிக் காட்சியை மாற்றி எழுது. கான்பூர் இல்லாமல் இந்த நாடகத்தை மேடையேற்றாதே.