போட்டி வேறு, பகை வேறு: குறுக்கெழுத்துப் பயிற்சி



குறுக்கெழுத்துப் புதிர்களில் 'எதிரி', 'போட்டி', 'சவால்' போன்ற குறிப்புகள் அடிக்கடி வரும். ஒரே குறிப்புக்குப் பல விடைகள் பொருந்துவதால், இங்கேதான் பலரும் எழுதி எழுதி அழிக்கிறார்கள். அழிக்காமல் விடை காணும் முறையை இந்த மாதம் பார்ப்போம்.

1. கட்டங்களை எண்ணுங்கள். புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. பகை 2, எதிரி, போட்டி 3, பகைவன், மாற்றான், எதிராளி, ஒன்னார், தெவ்வர் 4, போட்டியாளர் 6.

2. கேட்பது ஆளையா, குணத்தையா என்று பாருங்கள். குணம் என்றால் விடை பெரும்பாலும் 'மை'யில் முடியும்: பகைமை, பொறாமை. 'இலக்கிய வழக்கு' என்று குறிப்பில் இருந்தால் ஒன்னார், தெவ்வர் போன்ற சொற்களை நினைத்துப் பாருங்கள்.

3. குறுக்கே வரும் சொல்லைப் பயன்படுத்துங்கள். தமிழ்ச் சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. 4 கட்ட 'எதிரி'யின் 2ஆம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்குகிறதா? அப்படியானால் மாற்றான், ஒன்னார், தெவ்வர் மூன்றையும் உடனே தள்ளிவிடலாம். பகைவன், எதிராளி இரண்டுதான் மிச்சம்.

4. சொல் விளையாட்டைக் கவனியுங்கள். 'தலை போனால் வால் மிஞ்சும் அறைகூவல் (3)' என்பது குறிப்பு. விடை: சவால். முதலெழுத்தை எடுத்தால் 'வால்'! அரபியில் 'கேள்வி' என்று பொருள்படும் சொல்தான் தமிழுக்கு வந்து சவாலானது.

5. வரலாற்றுக் குறிப்புக்கு ஊர்க்கதை உதவும். 'ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலியுடன் போட்டியிட்டவர் (6)'. விடை: சந்தா சாகிப். பிறமொழிப் பெயர் என்பதால் தமிழ்ச் சொல்லில் வராத 'ப்' இறுதியில் வருகிறது. 1740இல் மராட்டியப் படை வந்தபோது இவர் குடும்பத்துக்கு அடைக்கலம் தந்தது நம் புதுச்சேரிதான். பின்னர் இவருக்குப் பிரெஞ்சுக்காரரும் முகமது அலிக்கு ஆங்கிலேயரும் துணை நின்றனர். 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகமது அலி நவாப் ஆனார். ஆனால் கம்பெனிக்குப் பெருங்கடன்பட்டார். இருவரின் பகையில் லாபம் கண்டவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்.

இனி முக்கியமான பாடம். 'போட்டியாளர்' என்ற குறிப்புக்கு 'பகைவர்' என்று எழுதினால் கட்டம் பொருந்தாது. வாழ்க்கையிலும் அப்படித்தான். பகைவன் நம் வீழ்ச்சியை விரும்புபவன். போட்டியாளர் நம்மோடு சேர்ந்து ஓடுபவர். அவர் வேகம் நம் வேகத்தையும் கூட்டும். நன்மையான செயல்களில் முந்திக்கொள்ளும்படி திருக்குர்ஆன் (2:148) ஏவுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் நீங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் குறிப்பேட்டை ஒளித்து வைக்காதீர்கள். ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர் விளக்கும்போது இருவருக்குமே பாடம் மனத்தில் பதிகிறது. இருவரும் தேர்ச்சி பெற்றால் நம் தெருவுக்கு இரண்டு வேலை, இரண்டு குடும்பங்களுக்கு நிம்மதி.

பயிற்சி

அ) சொத்தில் பங்கும் உண்டு, சண்டையும் உண்டு (4)
ஆ) அடுத்தவர் உயர்வு கண்டு உள்ளம் எரிதல் (3)
இ) ஓடினால் உடலுக்கு நலம், பணம் கட்டினால் ஹராம் (5)

இரண்டு பேராக உட்கார்ந்து விடை கண்டுபிடியுங்கள். அதன் பிறகே கீழே பாருங்கள்.

விடைகள்: அ) பங்காளி ஆ) பொறாமை இ) பந்தயம்

அடுத்த மாதம் இன்ஷா அல்லாஹ் வேறொரு பாடத்துடன் சந்திப்போம். வஸ்ஸலாம்.