வேலி ஓணானும் தாடி ஓணானும்

இந்த மாத சுவர் இதழுக்கு வளர்ப்புப் பிராணி பற்றி எழுதச் சொன்னாங்க. நாய், பூனை, லவ் பேர்ட்ஸ், முயல் எல்லாவற்றையும் மற்றவர்கள் முந்திக்கொண்டு எழுதிட்டாங்க. அதனால் நான் ஓணானைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காமல் கடைசி வரை படிக்கவும்.

ஆறாம் வகுப்பு படிக்கும் என் தம்பியால்தான் இது ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா போனில் அவன் ஒரு வீடியோ பார்த்தான். ஒரு பையன் தோளில் பெரிய ஓணான் மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி. பையன் கையில் இருந்து கீரையை வாங்கித் தின்கிறது. அதன் பெயர் பியர்டட் டிராகன். (நான் அதற்கு வைத்த பெயர் தாடி ஓணான். இனிமேல் அப்படியே எழுதுகிறேன், எனக்கு அதுதான் சுலபம்.)

"அப்பா, எனக்கு இது வேணும். மெட்ராஸ்ல விக்கறாங்களாம்" என்றான் தம்பி. அப்பா தறிக்குழியில் இருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா இருக்குடா உன் கதை" என்று சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளினார். தார் சுற்றிக்கொண்டிருந்த ஆயா சிரித்துவிட்டார். தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் நான் பள்ளியில் இருந்து வந்தபோது அவன் ஒரு ஓணானைப் பிடித்து வைத்திருந்தான். தென்னை ஈர்க்குச்சி நுனியில், அறுந்து கிடந்த பட்டு நூலால் சுருக்குப் போட்டு, வேலியில் இருந்ததைப் பிடித்திருக்கிறான். பையன்கள் எல்லாருக்கும் இந்த வேலை தெரியும். பிடித்து மூக்குப்பொடி போட்டு ஆட வைப்பார்கள், கல்லால் அடிப்பார்கள். தம்பி அப்படிச் செய்யவில்லை, வளர்க்கத்தான் பிடித்தான். மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, சோறும் தக்காளியும் வைத்தான். தறி இருக்கும் அறையில் பரணுக்குக் கீழே டப்பா. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

முதல் நாள் அது டப்பாவின் சுவரை மூக்கால் முட்டி முட்டி வழி தேடியது. உடம்பு கறுத்துப் போய்விட்டது. இரண்டாம் நாள் முட்டுவதை நிறுத்திவிட்டது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடந்தது. செத்த கரப்பான் ஒன்றை வைத்தோம், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கு நுனியில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. "தூங்குதுக்கா" என்றான் தம்பி. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர் ஓணானைப் பற்றி எதுவும் சொல்லாமல், "உங்க தறி ரூம்ல எத்தனை டிகிரி இருக்கும்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஆய்வகத்தில் இருந்து ஒரு வெப்பமானியைக் கொடுத்து அளந்துகொண்டு வரச் சொன்னார். உடைத்தால் அப்பாவைக் கூட்டி வரணும் என்றும் சொன்னார்.

மதியம் உணவு இடைவேளையில் வீட்டுக்கு ஓடினேன். தறி அறையில் டப்பாவுக்குப் பக்கத்தில் 28 டிகிரி. வெளியே, ஓணான் வழக்கமாக உட்காரும் செங்கல் சுவர் மேல் வைத்தேன். 41 டிகிரி! கையை வைத்தால் சுடும் இடம். அந்தச் சூட்டில்தான் அது தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பாடத்தில் இவற்றைக் குளிர் இரத்தப் பிராணி என்று படித்திருக்கிறோம். அதைப் படித்துவிட்டு அதன் இரத்தம் எப்போதும் ஜில்லென்று இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. நம் உடம்பு தின்கிற சோற்றை வைத்துத் தானே சூடு உண்டாக்கி 37 டிகிரியில் வைத்துக்கொள்கிறது. ஓணான் அந்தச் சூட்டை வெயிலிடம் இருந்து வாங்குகிறது. உடம்பு சூடானால்தான் அதனால் ஓட முடியும், பூச்சி பிடிக்க முடியும், தின்றது செரிக்கும். காலையில் கறுப்பாக இருப்பதும் இதற்குத்தான், கறுப்பு நிறம் வெயிலை நன்றாக இழுக்கும். பயந்தாலும் கறுக்கும். அதிகமாகச் சூடானால் நிழலுக்குப் போகும். நாள் முழுக்க வெயிலுக்கும் நிழலுக்கும் போய் வருவதுதான் அதற்குக் காய்ச்சலும் வராமல் குளிரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளும் வழி. ஒரு சாண் டப்பாவில் எங்கே போய் வரும்?

இதற்குப் பிறகுதான் தாடி ஓணானை மட்டும் எப்படி வளர்க்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். டீச்சர் தன் போனில் எடுத்துக் கொடுத்ததையும் படித்தேன்.

தாடி ஓணானின் ஊர் ஆஸ்திரேலியாவின் உள்பகுதி, வறண்ட பூமி. அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். நம் வேலி ஓணான் கலோட்ஸ் வெர்சிகலர். இரண்டும் அகாமிடே என்கிற ஒரே குடும்பம்! அதாவது வீடியோவில் தம்பி பார்த்தது நம் ஓணானின் தூரத்துச் சொந்தம். இரண்டும் தலையை ஆட்டும். தாடி ஓணான் பயந்தால் தாடியை உப்பிக் கறுப்பாக்கும், பெரியதைப் பார்த்தால் ஒரு கையை மெதுவாகத் தூக்கி ஆட்டும், "நான் சண்டைக்கு வரலை" என்கிற மாதிரி. வால் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு அடி வளரும். ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பிராணிகளை விற்பனைக்காக உயிரோடு வெளியே அனுப்புவதில்லை. அதனால் கடைகளில் இருப்பவை வேறு நாடுகளில் பல தலைமுறையாகக் கூண்டிலேயே முட்டையிட்டுப் பொரித்தவை. மனிதன் கையில் அது அமைதியாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அதை வளர்ப்பவர்கள் செய்வது என்ன தெரியுமா? ஒரு பாலைவனத்தையே கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டுகிறார்கள். பெரிய ஓணான் ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் பெட்டி வேண்டும். இரண்டைச் சேர்த்து வைக்கக் கூடாது, கடித்துக்கொள்ளும். பெட்டியின் ஒரு ஓரத்தில் சூடு கொடுக்கும் விளக்கு, அதன் கீழே ஒரு கல். அங்கே 40 டிகிரி அளவில் இருக்க வேண்டும். மறு ஓரம் 25 டிகிரி போல. அளந்து பார்த்தால், என் செங்கல் சுவரும் எங்கள் தறி அறையும்தான்!

சூடு மட்டும் போதாது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும். அது இருந்தால்தான் தின்கிற கால்சியம் எலும்பில் சேரும். குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் பற்றிப் படித்தோமே, அதே மாதிரி கூண்டு ஓணானுக்கும் தாடை எலும்பு மெத்தென்று ஆகி, கால் வளைந்து, நடக்க முடியாமல் போகும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது, அந்தக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடி தடுத்துவிடும். அதனால் புற ஊதா விளக்கு என்று தனியாக ஒன்று வைக்கிறார்கள். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் நாளாக ஆகக் கதிர் குறைந்துவிடும். பார்த்தால் தெரியாது. ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். இந்த விஷயம் தெரியாமல் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

தீனியும் பெரிய வேலைதான். குட்டியாக இருக்கும்போது உயிருள்ள பூச்சிதான் அதிகம் தின்னும், வளர்ந்த பிறகு கீரையும் காயும் அதிகம். பூச்சி எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்றால், ஓணானின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பெரியதாக இருக்கக் கூடாது. பூச்சி மேல் கால்சியம் பொடி தூவித் தர வேண்டும். மின்மினிப் பூச்சி தின்றால் செத்தே போகும். வெளிநாடுகளில் தாடி ஓணானுக்குப் பட்டுப்புழுவையும் தீனியாகத் தருகிறார்களாம்! இதை ஆயாவிடம் சொன்னபோது வாயில் கையை வைத்துக்கொண்டார். நாம் பட்டு நெய்கிற ஊர்தான், ஆனால் நூல் பெரும்பாலும் கர்நாடகாவில் இருந்து வருகிறது. உயிருள்ள பட்டுப்புழுவை எங்கள் தெருவில் பாதி பேர் பார்த்ததே இல்லை.

தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஊர்வன உடம்பில் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா இருக்கலாம், அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம்.

இன்னொரு அதிசயம். தாடி ஓணானின் முட்டை 32 டிகிரிக்கு மேல் சூட்டில் இருந்தால், ஆணாகப் பிறக்க வேண்டிய குட்டி பெண்ணாகப் பிறக்கும். ஆஸ்திரேலியக் காட்டிலேயே இப்படி நடப்பதை 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். பூமி சூடாகிக்கொண்டே போனால் அவற்றின் கதி என்ன என்பது என் சந்தேகம்.

அன்று இரவு தம்பியை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். 100 வாட் விளக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். இதில் புற ஊதா விளக்கைச் சேர்க்கவில்லை, பூச்சி செலவையும் சேர்க்கவில்லை. கரண்ட் போனால் அதற்குக் குளிரும். சரியாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் இருக்கும். "பத்து வருஷம் கழிச்சு உனக்கு எத்தனை வயசு?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி "இருபத்தொண்ணு" என்றான். "அப்ப நீ எங்க இருப்ப, அதுக்கு யாரு கீரை வெப்பா?" அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா "என்னைப் பார்க்காதடா" என்று உள்ளே போய்விட்டார்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று. முதலில் பெட்டியும் விளக்கும் தயார் செய்துவிட்டுத்தான் பிராணியை வாங்க வேண்டும். கண் பளிச்சென்று இருக்கணும், கால் விரல் எல்லாம் இருக்கணும், வயிற்றைத் தூக்கி நடக்கணும். ரசீது இல்லாமல் விற்பவரிடம் வாங்கக் கூடாது. வெளிநாட்டுப் பல்லி, பாம்பு, ஆமைகளைப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தி பல முறை வந்திருக்கிறது. இகுவானா மாதிரி பன்னாட்டுப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிய வேண்டும் என்று 2024-ல் விதியே வந்துவிட்டது. நம் நாட்டு உடும்பு, நட்சத்திர ஆமை, பச்சைக்கிளி இவற்றை வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டப்படி குற்றம். கிளி வளர்ப்பவர்கள் நம் பள்ளியிலேயே இருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. உடும்பும் இகுவானாவும் பார்க்க ஆசை இருந்தால் மகாபலிபுரம் போகிற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போகலாம். 1976-ல் ஆரம்பித்தது.

இப்போது எங்கள் ஓணானுக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் டப்பாவைத் திறந்தோம். கையில் எடுத்தால் கயிறு மாதிரி தொங்கியது. செத்துப்போச்சு என்று தம்பி அழ ஆரம்பித்துவிட்டான். அதே செங்கல் சுவரில், வெயில் விழும் இடத்தில் வைத்தேன். கொஞ்சம் தண்ணீரைத் தலையில் சொட்டு விட்டேன், வாய் ஓரத்தில் வந்ததை நக்கியது. பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. ஆயா வந்து பார்த்துவிட்டு, ஓணான் தூரத்தில் இருந்தே ரத்தம் உறிஞ்சும், தள்ளி நில்லுங்க என்றார். (அது உறிஞ்சாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் கழுத்தும் சிவக்கும். அதைப் பார்த்து யாரோ கட்டிவிட்ட கதை.) பிறகு முதுகில் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து மண் நிறம் வந்தது. முன் கால் இரண்டையும் ஊன்றித் தலையைத் தூக்கியது. ஒரே ஓட்டம், வேலிக்குள் போய்விட்டது. எனக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டது, அன்று பிரேயருக்கு வெளியே நின்றேன்.

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட எங்கிருந்தெல்லாமோ வந்து வரிசையில் நிற்கிறார்கள். கௌதம முனிவரின் சீடர்கள் இருவர் சாபத்தால் பல்லி ஆன கதையை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சுவரில் இருக்கும் பல்லியைத் துடைப்பத்தால் அடிக்கிறோம். எங்கள் வீட்டிலும்தான்.

தம்பி இப்போது டப்பா கேட்பதில்லை. ஒரு பழைய நோட்டில் எங்கள் வேலி ஓணான்களைக் குறித்து வருகிறான். இதுவரை ஐந்து. கழுத்து சிவப்பு ஒன்று, வால் நுனி அறுந்தது ஒன்று, குட்டி மூன்று. கனகாம்பரத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று காலால் மண்ணைப் பறித்து முட்டையிட்டு மூடியதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அங்கே துணி துவைத்த தண்ணீரை ஊற்றக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். மூக்கில் காயம் பட்ட ஓணான் மட்டும் இன்னும் கண்ணில் படவில்லை. தம்பி தினமும் தேடுகிறான்.