தட்டா, தாளா? போடி மலைச்சரிவில் பழையதைச் சேர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே சித்திரை வெயில் கொளுத்தும்போது மேலே ஏலத்தோட்ட வீடுகளில் இரவுக்குப் போர்வை வேண்டும். தென்மேற்குப் பருவமழை மலைமேல் வாரக்கணக்கில் நின்று பெய்யும். மழைமறைவில் இருக்கும் நகரத்துக்கு அதில் காற்றுதான் மிச்சம். பழைய ராக் ஆல்பங்களையோ சூப்பர் ஹீரோ காமிக்ஸ்களையோ சேர்க்க நினைப்பவர் இந்த வேறுபாட்டை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எதில் தொடங்குவது என்பதில் ரசனைக்குப் பாதிப் பங்கு. வீடு இருக்கும் உயரத்துக்கு மீதிப் பங்கு.

இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. பிங்க் ஃப்ளாய்ட் குழு 1968-இல் வெளியிட்ட 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' ஆல்பத்தின் அட்டையை உற்றுப் பார்த்தால், மார்வெல் படக்கதையிலிருந்து எடுத்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் மங்கலாகத் தெரிவார். 1977-இல் கிஸ் ராக் குழுவை நாயகர்களாக்கி மார்வெல் ஒரு காமிக்ஸ் போட்டபோது, குழுவினர் தங்கள் ரத்தத்தையே அச்சு மையில் கலக்கக் கொடுத்தார்கள். இரண்டின் மீதும் ஆசை வருவது இயல்பு. ஆனால் பணமும் அலமாரியும் அளவோடுதானே இருக்கின்றன?

காமிக்ஸ் பக்கம்

தமிழில் காமிக்ஸ் சேர்ப்பவருக்குத் தலைநகரம் சிவகாசி. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-இல் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் தொடங்கிய தொடர் அது. விபத்தில் வலக்கையை இழந்த லூயிஸ் கிராண்டேலுக்கு இரும்புக் கை பொருத்துகிறார்கள். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோகும், கை மட்டும் தெரியும். ஸ்பானிய ஓவியர் ஜெசூஸ் பிளாஸ்கோ அந்தரத்தில் மிதக்கும் அந்தக் கையைக் கருப்பு மையின் அடர்த்தியாலேயே நம்ப வைத்துவிடுவார். ஐம்பது வயதில் மறுபடி எடுத்துப் படிப்பவருக்குக் கதை எளிமையாகத் தோன்றலாம். சித்திரம் இன்றும் அசரவைக்கும்.

1984 ஜூலை இன்னொரு மைல்கல். லயன் காமிக்ஸ் அந்த மாதம் மாடஸ்டி பிளைசியுடன் தொடங்கியது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அதே மாதம் ஜேம்ஸ் பாண்டுடன் வந்தது. லயனில் பிறகு புகழ்பெற்ற ஸ்பைடர், அமெரிக்க ஸ்பைடர்மேன் அல்ல. குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கிப் பின்னர் குற்றவாளிகளை வேட்டையாடிய பிரிட்டிஷ் நாயகன் அவன். அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்.

புதிதாக வாங்குபவர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ராணி காமிக்ஸ் 'மாயாவி' என்று அழைத்தது ஃபேண்டமை. முத்துவின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள். பேரைச் சொல்லித் தொலைபேசியில் விலை பேசும்போது பதிப்பகத்தையும் சேர்த்துக் கேட்பது நல்லது. ஃபேண்டமை ஆங்கிலத்தில் தேடுவோருக்கு டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் இருக்கிறது.

இசைத்தட்டுப் பக்கம்

இந்தியாவில் அச்சான ராக் எல்.பி.க்களில் பெரும்பகுதி கொல்கத்தாவை ஒட்டிய டம்டம் ஆலையிலிருந்து, கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் பெயரில் வந்தவை. இவற்றில் உலகச் சேகரிப்பாளர்களும் தேடும் ஒரு வகை, பீட்டில்ஸின் 78 சுழற்சித் தட்டுகள். பிரிட்டனில் 1960-ஐ ஒட்டி 78 தட்டுகள் நின்றுபோன பிறகும், கையால் முறுக்கும் கிராமபோன்கள் ஏராளமாக இருந்த இந்தியாவில் பீட்டில்ஸ் பாடல்கள் அரக்குத் தட்டிலும் அச்சாயின. இந்திய ராக் குழுக்களே வேண்டும் என்பவர் 'சிம்லா பீட்' தட்டுகளைத் தேடலாம். சிம்லா சிகரெட்டின் பெயரில் நடந்த போட்டியில் வாசித்த குழுக்களின் 1970, 1971 தொகுப்புகள் அவை.

தேனி மாவட்டத்துக்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு. போடிக்குத் தெற்கே இருக்கும் பண்ணைப்புரம் இளையராஜாவின் ஊர். ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படம் என்று பேர்பெற்ற 'ப்ரியா' (1978), தியாகராஜரையும் பாஹையும் இணைத்த 'ஹௌ டு நேம் இட்?' (1986) போன்ற தட்டுகள் ராக் அலமாரியில் தயங்காமல் இடம் பிடிக்கும். எலெக்ட்ரிக் கிட்டாரும் பேஸும் தமிழில் எப்படிப் பேசின என்று கேட்க விரும்புபவர் இங்கிருந்தே தொடங்கலாம்.

வாங்குமுன் என்ன பார்ப்பது?

ஏலக்காயை எம்.எம். கணக்கும் பச்சை நிறமும் பார்த்துத் தரம் பிரிப்பது போல இங்கும் கண்டிப்பான தரம் பிரிப்பு வேண்டும். காமிக்ஸில் முதலில் அட்டை, அடுத்து நடுப் பின், அதற்கடுத்து பக்க எண். துருப்பிடித்த பின் தாளைக் கிழித்துக்கொண்டே போகும். வாடகை நூலகத்தில் பைண்டிங் செய்யப்பட்ட பிரதி விலை குறைவாகக் கிடைக்கலாம். ஓரம் வெட்டப்பட்டிருக்கும், ரப்பர் முத்திரை இருக்கும். படிக்க அது போதும்; சேகரிப்பு மதிப்பு எதிர்பார்க்கக் கூடாது. செலோடேப் ஒட்டிய பிரதியைத் தவிர்ப்பது மேல். பசை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிவிடும்.

தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மயிரிழைக் கீறல் பெரும்பாலும் மெல்லிய இரைச்சலோடு போய்விடும். நகத்தால் தடவும்போது தட்டுப்படும் கீறலில் ஊசி தாவும். கண் மட்டத்தில் பிடித்துச் சுழற்றினால் வளைவு தெரியும். லேபிளைச் சுற்றிய வெற்றுப் பகுதியில் பொறித்த எண், அது எந்த அச்சு என்பதைக் காட்டிக்கொடுக்கும். அஞ்சலில் வரவழைத்தால், தட்டை அட்டைக்கு வெளியே தனியாக வைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வழியில் குலுங்கி அட்டையின் ஓரத்தைப் பிளந்துவிடும்.

மேலே ஈரம், கீழே வெப்பம்

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தாளில் பூஞ்சை பிடிக்கும். பழைய காமிக்ஸ்கள் மலிவான செய்தித்தாள் காகிதம். பூஞ்சைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. போடிமெட்டிலும் அதைத் தாண்டிய தோட்டங்களிலும் ஆடி மாதத்தில் பெட்டியைத் திறந்து வைப்பதே ஆபத்து. வினைல் தட்டை ஈரம் ஒன்றும் செய்யாது. அதன் அட்டையில்தான் பூஞ்சை வரும்; தட்டை வேறு உறையில் தனியே வைத்தால் இசை தப்பித்துவிடும்.

நகரத்தில் கதை தலைகீழ். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மதியம் கிடந்தாலே தட்டு வளைந்துவிடும். தோட்டங்களில் ஏலக்காய் உலர்த்தும் அறையின் பக்கத்திலும் தட்டுகளை வைக்கக் கூடாது. உள்ளே வெப்பம் 50 டிகிரியை ஒட்டி இருக்கும். நனைந்த காமிக்ஸை அங்கே காயவைப்பதும் தவறு. தாள் மொரமொரப்பாகிவிடும், வாசனையும் ஏறிக்கொள்ளும்.

பராமரிப்பில் இரண்டுக்கும் பொதுவான விதிகள் சில. நிமிர்த்தி அடுக்க வேண்டும். பி.வி.சி. உறை வேண்டாம், பாலிபுரொப்பிலீன் உறை நல்லது. சிலிகா ஜெல் பொட்டலங்களை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். பூச்சி விழுந்த காமிக்ஸைக் காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி சாகும். தட்டு துடைப்பதில் ஓர் எச்சரிக்கை: ஆல்கஹால் கலந்த திரவம் வினைலுக்குச் சரி, 78 தட்டுக்கு ஆகாது. அரக்கு அதில் கரைந்துவிடும்.

செலவும் சந்தையும்

காமிக்ஸுக்குக் கருவி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தட்டுக்கு பிளேயர், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், அவ்வப்போது மாற்ற ஸ்டைலஸ் என்று தொடர்செலவு உண்டு. மலிவான சூட்கேஸ் பிளேயரின் கனத்த ஊசி பழைய தட்டைச் சுரண்டும். அரிய தட்டு வாங்குபவர் முதலில் நல்ல பிளேயருக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

காமிக்ஸ் தேடுபவர் மதுரையின் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியிலும் ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் லயன்–முத்து வாசகர்கள் கூடுவார்கள். தட்டுக்குச் சென்னைதான், 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் வியாபாரிகளுக்குக் கட்டிக்கொடுத்த வளாகத்தில் இன்றும் பழைய தட்டுகள் கிடைக்கும். 2023 ஜூனிலிருந்து போடிக்குச் சென்னையிலிருந்து நேரடி ரயில் வருவதால் தட்டுப் பெட்டியைப் பேருந்தில் குலுக்கி எடுத்துவர வேண்டியதில்லை.

முடிவாக

மலைமேல் வசிப்பவர், நல்ல பிளேயர் வாங்க முடிந்தால், தட்டில் தொடங்கட்டும். போடி நகரத்தில் வசிப்பவருக்கும், குறைந்த பணத்தில் தொடங்குபவருக்கும் காமிக்ஸே பொருத்தம். கதை மட்டும் போதுமென்றால் சிவகாசியின் மறுபதிப்புகளை வாங்கிப் படித்துவிட்டு, மனம் ஒட்டிக்கொண்ட சில இதழ்களுக்கு மட்டும் மூலப் பிரதி தேடலாம். இரண்டும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் காமிக்ஸைக் கீழேயுள்ள உறவினர் வீட்டிலும் தட்டை மேலேயும் வைத்துக்கொள்வது நல்லது. பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு கட்டுப் பழைய முத்து காமிக்ஸ் கண்ணில் பட்டால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு சேகரிப்பாளரிடமோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.