சுற்றுலாவிலும் அடுப்படியா?



நம் மாவட்டத்தில் கே.ஆர்.பி. அணை இருக்கிறது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை இருக்கிறது. கடல்தான் இல்லை. பேரன் பேத்தி எடுத்தும் கடலைப் பார்க்காதவர்கள் நம் குழுக்களில் உண்டு. "ஒரு தடவை வேளாங்கண்ணி போய் வரலாம்க்கா" என்று யாராவது ஆரம்பித்தால், "அவ்வளவு செலவுக்கு எங்க போறது?" என்று பேச்சு அதோடு முடிந்துவிடும். தங்கும் இடத்தில் நாமே சமைத்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். அதுதான் இந்த மாதப் பாடம்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 12 பேர், இரண்டு நாள், ஆறு வேளை. ஓட்டலில் ஆளுக்கு வேளைக்கு 100 ரூபாய் என்றால் 7,200 ஆகும். சமைத்தால் மளிகை, காய், மீனுக்கு 2,600, பாத்திரம் அடுப்பு வாடகை 700, தண்ணீர் கேன் 300. மொத்தம் 3,600. விலைவாசியை விசாரித்து நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பணத்தைக் குழுச் சேமிப்பிலோ கடனிலோ எடுக்கக் கூடாது. தீபாவளிச் சீட்டு மாதிரி மாதாமாதம் தனியாகப் போட்டு, தனி நோட்டில் எழுதுங்கள்.

வேளாங்கண்ணியில் சமையல் வசதியோடு தங்க இடம் கிடைக்கும். பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் எல்லா விடுதியிலும் சமைக்க விடமாட்டார்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: சமைக்கலாமா, கேஸ் யாருடையது, 12 பேருக்கு உலை வைக்கிற அளவு பாத்திரம் இருக்கிறதா? ரசீதும் வாங்குங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை திருவிழாக் கூட்டம். அப்போது இடமும் கிடைக்காது, வாடகையும் ஏறும். நாகூர் தர்காவும் பக்கம்தான் என்பதால், ஒரே இடத்தில் தங்கி எல்லாம் பார்த்துவிடலாம்.

ராகி மாவு, பருப்பு, புளி, மிளகாய்த்தூளை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். கடலோரத்தில் பல இடங்களில் உப்புத் தண்ணீர். அதில் பருப்பு சீக்கிரம் வேகாது, கேன் தண்ணீர்தான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் ஆசையோடு போகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தள்ளிவிடுங்கள்.

எதைக் கட்டினாலும் கேஸ் சிலிண்டரை மட்டும் கட்டாதீர்கள். ஓசூர் வழியாகப் போகும் காரைக்கால் ரயிலில் நாகப்பட்டினத்தில் இறங்கலாம். "சின்ன சிலிண்டர்தானே, சாக்குப் பைக்குள்ள வச்சா யாருக்குத் தெரியும்?" என்று தோன்றும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து ராமேசுவரம் போக வந்த யாத்திரைக்காரர்கள் அவர்கள். தெரியாமல் ஏற்றி வந்த சிலிண்டரை உள்ளேயே பற்ற வைத்ததுதான் காரணம். சிலிண்டர், மண்ணெண்ணெய் கொண்டுபோனால் ரயில்வே சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை. வேனில் போனாலும் வேண்டாம். வெயிலில் அடைத்த வண்டிக்குள் கேஸ் கசிந்தால் தப்பிக்க நேரம் இருக்காது.

கடலில் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்காதீர்கள். அலை திரும்பும்போது காலுக்கடியில் மண்ணை இழுக்கும், சேலை நனைந்து கனக்கும். தண்ணீர் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வேளாங்கண்ணிக்கு வந்த யாத்திரைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள்.

இனி, யாரும் கணக்கில் எழுதாத ஒரு செலவு. மிச்சமாகும் அந்த 3,600 ரூபாய் யாருடைய உழைப்பு? "அவளுக்குத்தான் கைப்பக்குவம்" என்று சொல்லியே இரண்டு பேரை அடுப்படியில் விட்டுவிட்டு மற்றவர்கள் கடலுக்குப் போவது நடக்கிற காரியம். வீட்டில் வருஷம் முழுக்க வெந்தவள் அங்கேயும் வேகிறாள். கம்பெனியில் ஷிப்டு பார்த்து, லீவு கேட்டு வாங்கி வந்தவளுக்கு இதுவா சுற்றுலா? அதனால் நான்கு நான்கு பேராக மூன்று அணி பிரியுங்கள். ஓர் அணிக்கு இரண்டு வேளை சமையல், நான்கு வேளை ஓய்வு. காலையில் உப்புமா, மதியம் சாம்பார் சாதம், இரவில் களியும் மீன் குழம்பும் போதும். மூன்று கூட்டு, பொரியல் என்று இழுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். யார் எந்த அணி, எந்த வேளை என்று ஊரிலேயே தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். சமைக்க வராது என்பவர்களுக்குப் பாத்திரம் கழுவும் வேலை இருக்கிறது!