உங்க லேப்டாப்பே ஒரு சர்வர்: ஸாம்ப் அமைப்பது எப்படி?

மினி ப்ராஜெக்ட், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்று வெப் சம்பந்தமா ஏதாவது ஒன்று நம்ம தலையில் விழுந்தே தீரும். உடனே ஒரு வீடியோவைப் பார்த்து, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் என்று ஸாம்ப்பை இன்ஸ்டால் செய்துவிடுவோம். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி அது ஓடாமப் போனா என்ன செய்வது? அதையும் சேர்த்துப் பார்ப்போம். (விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கான பாடம் இது. பெயர்களைத் தமிழில் தந்திருக்கிறோம். நீங்கள் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.)

எதுக்கு இது?

எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்தாலே பிரவுசரில் திறக்கும். பிஎச்பி கோப்பு அப்படித் திறக்காது. பிரவுசருக்கு பிஎச்பி தெரியாது. ஒரு சர்வர் அதை ஓட்டி, கிடைத்த விடையை எச்டிஎம்எல் ஆக அனுப்ப வேண்டும். அந்த சர்வரை நம்ம லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்வதுதான் லோக்கல் டெவலப்மென்ட் என்விரான்மென்ட். ஹாஸ்டல் வைஃபை போனாலும் வேலை நிற்காது.

ஸாம்ப்பில் அப்பாச்சி (வெப் சர்வர்), மரியாடிபி (டேட்டாபேஸ்), பிஎச்பி, பெர்ல் நான்கும் ஒரே பொட்டலமாக வருகின்றன. 2015-லேயே மைஎஸ்கியூஎல் போய் மரியாடிபி வந்துவிட்டது. கன்ட்ரோல் பேனலில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கும், குழம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் தளத்தில் இறக்கி, சி டிரைவில் ஸாம்ப் என்ற ஃபோல்டரிலேயே நிறுவுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே போட்டால் பர்மிஷன் தகராறு வரும்.

2. கன்ட்ரோல் பேனலில் அப்பாச்சி, மைஎஸ்கியூஎல் இரண்டுக்கும் ஸ்டார்ட் கொடுங்கள். பெயர்கள் பச்சையானால் சரி.

3. ஸாம்ப்புக்குள் எச்டிடாக்ஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதில் 'காலேஜ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, இப்போதைய நேரத்தைக் காட்டும் ஒரு வரி பிஎச்பியை இன்டெக்ஸ்.பிஎச்பி என்று சேமியுங்கள்.

4. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட்/காலேஜ் என்று அடியுங்கள்.

நேரம் தெரியுதா? ரெஃப்ரெஷ் செய்தால் மாறும். வியூ சோர்ஸ் போய்ப் பார்த்தால் உங்க பிஎச்பி வரி இருக்காது, விடை மட்டும்தான் இருக்கும். சர்வர் வேலை செய்ததற்கு அதுதான் சாட்சி.

ஆனா கடிகாரத்தைப் பாருங்க, நேரம் சில மணி பின்னாடி இருக்கும்! ஸாம்ப்பின் பிஎச்பி அமைப்பில் நேர மண்டலம் பெர்லின் என்று இருப்பதுதான் காரணம். பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் அதை ஏஷியா/கொல்கத்தா என்று மாற்றி, அப்பாச்சியை நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். அட்டெண்டன்ஸ் ப்ராஜெக்ட் செய்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கணும்.

அப்பாச்சி ஓடலையா?

லோக்கல்ஹோஸ்ட் என்பது 127.0.0.1, அதாவது உங்க கணினியேதான். அதை ஹாஸ்டல் பிளாக் என்று வைத்துக்கொண்டால், போர்ட் என்பது ரூம் நம்பர். அப்பாச்சிக்கு 80, டேட்டாபேஸுக்கு 3306. ஒரு ரூமில் ஏற்கெனவே வேறு ஆள் இருந்தால் அப்பாச்சி உள்ளே போக முடியாது. விண்டோஸின் ஐஐஎஸ் சர்வர் 80-ல் உட்கார்ந்திருப்பது அடிக்கடி நடப்பதுதான். கன்ட்ரோல் பேனலில் நெட்ஸ்டாட் பொத்தானை அழுத்தினால் யார் எந்தப் போர்ட்டில் என்று தெரிந்துவிடும்.

அந்த ஆளை நிறுத்தலாம். இல்லையென்றால் நாம் ரூம் மாறலாம். அப்பாச்சி வரிசையில் கான்ஃபிக் அழுத்தி, எச்டிடிபிடி.கான்ஃப் கோப்பில் 'லிஸன் 80' என்பதை 'லிஸன் 8080' ஆக்குங்கள். அதன் பிறகு முகவரி லோக்கல்ஹோஸ்ட்:8080/காலேஜ்.

மைஎஸ்கியூஎல் ஓடலையா? கை வைக்காதீங்க!

இங்கேதான் ப்ராஜெக்ட்டே காணாமப் போகும். "டேட்டா ஃபோல்டரை டெலிட் பண்ணு, சரியாயிடும்" என்று யாராவது சொல்வாங்க. ஆனா நீங்க உருவாக்கின டேபிள் எல்லாம் அந்த ஃபோல்டரில்தான் இருக்கு! அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுவதும் இதே ஆபத்துதான். முதலில் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் வேறு இடத்துக்குக் காப்பி எடுங்கள். உங்க டேட்டாபேஸ் பெயரில் உள்ள ஃபோல்டர் மட்டும் போதாது. பக்கத்தில் இருக்கிற ஐபிடேட்டா1 கோப்பும் வேண்டும். பிறகு லாக்ஸ் பொத்தானை அழுத்தி, கடைசிப் பத்து வரிகளைப் படியுங்கள்.

சர்வர் நல்லா ஓடும்போதே பிஎச்பிமைஅட்மின் போய், டேட்டாபேஸைத் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட் கொடுத்து வைப்பது இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை, ஒரு நிமிஷ வேலை.

ரிவ்யூவுக்கு முன்

உங்க ஃபோல்டரையும் எக்ஸ்போர்ட் செய்த கோப்பையும் நண்பரின் லேப்டாப்பில் போட்டு ஓட்டிப் பாருங்கள். நிஜ சர்வரில் ஏற்றப் போறீங்களா? பெரும்பாலும் அது லினக்ஸ். விண்டோஸில் 'லோகோ' என்பதைப் பெரிய எழுத்திலோ சின்ன எழுத்திலோ எப்படி எழுதினாலும் படம் வரும். லினக்ஸில் எழுத்து மாறினால் வராது. அதனால் கோப்புப் பெயர்களை முதலிலிருந்தே சின்ன எழுத்தில் வையுங்கள். இன்னொன்று, ஸாம்ப்பில் ரூட் பயனருக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. அது பயிற்சிக்கு மட்டும்தான், அப்படியே இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

இன்னிக்கே அந்த நேரம் காட்டும் ஒரு வரியை ஓட்டிப் பாருங்க!