சூலை நோயும் அக்காவின் திருநீறும்



"கஷ்டம் வந்தாதான் கடவுள் பக்கத்துல வருவார்." பெரியவர்கள் சொல்லி நாம் எல்லாரும் கேட்ட வாக்கியம் இது. ஆனால் கஷ்டப்பட்ட எல்லாருமா பக்குவப்படுகிறார்கள்? சிலர் உடைந்து போகிறார்கள். சிலருக்கு மனசு கல்லாகிவிடுகிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது? திருநாவுக்கரசர் வாழ்க்கையை வைத்து இந்த மாதம் பார்ப்போம்.

முதலில் அக்கா

அப்பர் என்றதும் நாம் நேரே சூலை நோய்க்குப் போய்விடுகிறோம். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் துன்பம் அதற்கு முன்பே, அக்கா திலகவதியாரிடம் ஆரம்பிக்கிறது. அப்பா இறந்தார், அம்மாவும் உடனே போய்விட்டார். கல்யாணம் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மடிந்தார். திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். தம்பி காலில் விழுந்து அழ, அவனுக்காகவே உயிர் தாங்கினார். பிறகு திருவதிகைக் கோயிலில் கூட்டுவதும் மெழுகுவதும் பூத்தொடுப்பதுமாகத் தம் நாட்களைத் தொண்டாக்கினார்.

பிறகு தம்பி

தம்பி சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு பெரிய இடத்தில் இருந்தார். அப்போதுதான் குடலைப் புரட்டும் சூலை வந்தது. எதனாலும் தீரவில்லை. இரவோடு இரவாக வந்து அக்கா காலில் விழுந்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். "அப்பவே போகாதேன்னு சொன்னேனே" என்று அக்கா கேட்கவில்லை. "உன் கர்மா, அனுபவி" என்றும் சொல்லவில்லை. திருநீறு கொடுத்தார், கோயிலுக்குக் கூட்டிப் போனார். அங்கே பிறந்ததுதான் நான்காம் திருமுறையின் முதல் பதிகம். அதில் அப்பர் வலியைப் புகழவில்லை; தாங்க முடியவில்லை, நீக்கு என்று கேட்கிறார். தாம் செய்த தவறைப் பற்றியும் அவரேதான் பேசுகிறார்.

என் கூட்டாளி ஒருவனின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பார்க்க வந்த சிலர், "போன ஜென்மத்துப் பாவம்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "எங்கப்பா யாருக்குடா பாவம் பண்ணாரு?" என்று அவன் என்னிடம் கேட்டான். அதற்குப் பிறகு அவன் கோயில் பக்கமே வரவில்லை. வினைக் கொள்கை நம் சமயத்தில் உண்டு. நம்மை நாமே பார்த்துக்கொள்ள அது ஒரு கண்ணாடி. அதை எடுத்து அடுத்தவன் மண்டையில் அடிக்கக் கூடாது.

எஃகு சொல்லும் பாடம்

நான் மெக்கானிக்கல் இஞ்சினியரிங் மாணவன். நடுத்தரக் கார்பன் எஃகை ஏறக்குறைய 850 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, சட்டென்று தண்ணீரில் அல்லது எண்ணெயில் முக்கினால் ரொம்பக் கடினமாகும். ஆனால் ஓர் அடி விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடியும் குறைந்த சூட்டில், 200 முதல் 600 டிகிரிக்குள், நிதானமாக வைத்து எடுப்பார்கள். இதற்கு டெம்பரிங் என்று பெயர். கடினம் கொஞ்சம் குறையும். அடி தாங்கும் உறுதி வரும்.

துன்பம் அந்த முதல் சூடு. அதோடு விட்டால் மனசு இறுகிப்போகும். ஓர் அக்காவின் அன்பு, பிரார்த்தனை, தினசரித் தொண்டு இவைதான் இரண்டாவது சூடு.

அதற்கப்புறம் அப்பர் உழவாரப்படையைக் கையில் எடுத்துக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கினார். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, இறைவன் தந்த பொற்காசைக் கொண்டு சம்பந்தரும் அவரும் அடியார்களுக்கு அமுதளித்தார்கள். வயிற்று வலியில் துடித்தவர், பிறர் வயிற்றுப் பசியைத் தீர்த்தார். ஆன்மிக வளர்ச்சியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் வேண்டுமா?

நாம் செய்யக்கூடியவை

1. துன்பம் வந்தால் வாய்விட்டுக் கேளுங்கள். இறைவனிடம் கேளுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள். அப்பரே அக்காவிடம்தான் ஓடினார்.

2. துன்பத்தில் இருப்பவருக்குக் காரணம் சொல்லாதீர்கள். கூட நில்லுங்கள்.

3. வலி கொஞ்சம் தணிந்ததும் சின்னத் தொண்டு ஒன்றைத் தொடங்குங்கள்.

அந்தக் கூட்டாளியின் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. ஆனால் எங்கள் குழுவில் ஒருவரிடம் கார் இருக்கிறது. சனிக்கிழமை தோறும் அவன் அப்பாவை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறோம். கோயிலுக்கு வா என்று அவனை இன்னும் கூப்பிடவில்லை. அவசரமில்லை.

திருச்சிற்றம்பலம்.