கப்சாய் சக்கர பேரிங்: வீட்டு வாசலிலேயே மாற்ற சில குறிப்புகள்

ஜாசின் பக்கத்துப் பெம்பானில் மோட்டார் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரட்டுக்குப் போவதும் அதில்தான், ஜாசின் பசாருக்குப் போவதும் அதில்தான், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். செம்பனைக் காட்டுச் செம்மண் சடக்கில் மழை வெயில் பாராமல் ஓடும் கப்சாய் மோட்டாரில், எஞ்சின் முனகுவதற்கு முன்பே சக்கர பேரிங் முனக ஆரம்பித்துவிடும். புதிய பேரிங் தயாராக இருந்தால், காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடலாம். உடல்பலம் அதிகம் தேவையில்லை. சுத்தியலின் அடி எந்த வளையத்தில் விழலாம், எதில் விழக்கூடாது என்பது தெரிந்திருந்தால் போதும்.

1. முதலில் நோய் எதுவென்று பாருங்கள். டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் பேரிங் மேல் சந்தேகப்படலாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஃபோர்க்கில் ஒரு கையை வைத்துப் பாருங்கள். மணலை அரைப்பதுபோல் அதிர்வு வந்தால் சந்தேகமே வேண்டாம். முன் சக்கரத்தை முன்னும் பின்னும் தள்ளும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், அது ஹேண்டில் கோன்செட்டாக இருக்கலாம். பின்னால் சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் குறை அதன் புஷ்ஷில். பேரிங்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

2. பேரிங்கை வெயில் கெடுப்பதில்லை, தண்ணீர்தான் கெடுக்கிறது. மோட்டார் கழுவும் கடையில் ஜெட் பம்ப்பை நேராக ஹப்பை நோக்கிப் பிடிக்க விடாதீர்கள். ரப்பர் சீல் மழையைத் தாங்கும், அந்த அழுத்தத்தைத் தாங்காது. வெள்ளத்தில் ஹப் மூழ்கிய மோட்டார் என்றால், சத்தம் வராவிட்டாலும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது.

3. கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஜாசினில் உதிரிபாகக் கடைத் தவ்கே உங்கள் மோட்டாரின் பெயரைக் கேட்பதற்கு முன் "நொம்போர் பெராப்பா?" என்றுதான் கேட்பார். அந்த எண் பேரிங்கின் விளிம்பிலேயே பொறித்திருக்கும். கப்சாய்களில் அடிக்கடி காண்பது 6201, 6301. கடைசி இரண்டு இலக்கம் உள்துளையைச் சொல்லும்: 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். 04 என்றால் 20. 6201, 6301 இரண்டுக்கும் உள்துளை ஒன்றுதான். ஆனால் வெளிவட்டம் முன்னதற்கு 32, பின்னதற்கு 37. 'உள்ளே சரியாக நுழைகிறதே' என்று வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரே ரகத்திலும் ஆண்டுக்கு ஆண்டு எண் மாறலாம் என்பதால், பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோவதே நல்லது.

4. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம். இசட்இசட் என்றால் இருபுறமும் தகர மூடி. தூசியைத் தடுக்கும், தண்ணீரை அவ்வளவாகத் தடுக்காது. டூஆர்எஸ் என்றால் இருபுறமும் ரப்பர் சீல். இதையே என்எஸ்கே டிடியூ என்றும், என்டிஎன் எல்எல்யூ என்றும் போடும். தோட்டத்துச் சடக்குக்கு ரப்பர் சீல்தான் என் வாக்கு. பேரிங் வாங்கும்போதே தூசி சீலும் சேர்த்து வாங்குங்கள். அதில் மிச்சம் பிடிக்கிற இரண்டு மூன்று வெள்ளி, அடுத்த மழைக்கே திரும்பச் செலவாகும்.

5. பின் சக்கரத்தில் மூன்றாவது பேரிங்கை மறக்காதீர்கள். பல கப்சாய்களில் ஹப்பில் இரண்டும், ஸ்புரோக்கெட் உட்கார்ந்திருக்கும் தட்டில் ஒன்றும் இருக்கும். இரண்டை மட்டும் மாற்றிவிட்டு, 'சத்தம் போகவில்லையே' என்று தலையைச் சொறிகிறவர்கள் அதிகம்.

6. சக்கரத்தைக் கழற்றும்போது புஷ், வாஷர், மீட்டர் கியர் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே பழைய செய்தித்தாளில் அடுக்குங்கள். கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது. பேடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கட்டாயம். டிஸ்க் தரையில் படும்படி சக்கரத்தைப் படுக்க வைக்காதீர்கள். டிரம் என்றால் பிரேக் கட்டையில் கிரீஸ் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. இனி தட்டி எடுப்பது. தூசி சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்புங்கள். கிளிப் இருந்தால் எடுத்துவிடுங்கள். சில ரகங்களில் பேரிங்குக்கு மேல் மரை போட்ட மூடி இருக்கும். அதற்குத் தனிக் கருவி வேண்டும், மோட்டார் கடைக்கே கொடுத்துவிடுங்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாய் நிற்கும். நீளமான கம்பி ஒன்றை ஒரு பக்கத்திலிருந்து விட்டு அந்தக் குழாயைச் சற்றுச் சாய்த்தால், எதிர்ப்பக்கத்து பேரிங்கின் உள்வளைய விளிம்பு கொஞ்சம் தெரியும். அங்கே ஒரு தட்டு, அதற்கு நேரெதிரே ஒரு தட்டு என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் அடித்தால் பேரிங் கோணிக்கொண்டு ஹப்பைக் கீறும். கண்ணாடி போடாமல் இதைத் தொடாதீர்கள். பேரிங் இரும்பு வளையாது, சில்லாகத் தெறிக்கும். இப்படித் தட்டி எடுத்ததை, நன்றாகச் சுற்றினாலும் மறுபடி போடக்கூடாது. அடி உள்வளையத்தில் விழுந்திருப்பதால் குண்டு உருளும் பாதையில் தழும்பு பட்டிருக்கும்.

8. புதியதைப் போடும்போது இதற்கு நேர்மாறு: அடி வெளிவளையத்தில் மட்டும். வெளிவளையத்தின் அளவுக்குச் சற்றே சிறியதான சாக்கெட் ஒன்றை வைத்துத் தட்டுங்கள். பேரிங்கின் மேல் நேரே சுத்தியல் படவே கூடாது.

9. சுத்தியலுக்கு முன் சமையலறையைக் கேளுங்கள். பெம்பான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெந்நீர்க் குளம் நினைவுக்கு வரும், எனக்குக் கேத்தல்தான். புதிய பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, முந்தின இரவே ஐஸ் பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள். (பையின் மேல் எழுதியும் வையுங்கள். மீனோடு அதுவும் சட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் வீட்டில் பதில் சொல்ல முடியாது.) மறுநாள் ஹப்பின் வெளிப்புறத்தில் கொதிநீரை ஊற்றிச் சூடாக்கி, நன்றாகத் துடையுங்கள். ஹப்பின் அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 32 மில்லிமீட்டர் துளை 70 பாகை சூடேறினால் சுமார் 0.05 மில்லிமீட்டர் அகலும். ஐஸ் பெட்டியில் பேரிங் சுருங்குவது அதில் பாதிகூட இல்லை. மயிரிழைதான், ஆனால் அந்த மயிரிழைதான் பத்து அடியை மூன்றாகக் குறைக்கிறது. கேஸ் நெருப்பை மட்டும் காட்டாதீர்கள். சாயமும் டயரும் கெடும், கிரீஸ் இருந்தால் பற்றிக்கொள்ளும்.

10. முதல் பேரிங் அடியில் போய் உட்காரும்போது சத்தம் மாறும். 'டொக்' என்றிருந்தது 'டங்' என்று கெட்டியாகக் கேட்கும், அதோடு நிறுத்துங்கள். அடுத்தது நடுக்குழாய், அதற்கப்புறம்தான் மறுபக்கத்து பேரிங். நான் முதல்முறை செய்தபோது இரண்டு பேரிங்கையும் அழகாக இறக்கிவிட்டு எழுந்தால், குழாய் செய்தித்தாளின் மேல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மறுபடி தட்டி எடுத்ததில் புதிய பேரிங் ஒன்று வீண். குழாய் இல்லாமலே மாட்டி நட்டை இறுக்கினால், இரண்டு உள்வளையமும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கிச் சக்கரம் இறுகும், பேரிங் சீக்கிரமே போய்விடும். இரண்டாவது பேரிங் குழாயைத் தொட்டதும் நிறுத்துங்கள். உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும்.

11. அச்சுக்கம்பியைக் கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் வளைந்திருக்கிறது, புதிது வாங்குங்கள். துரு மட்டும் என்றால் தேய்த்துவிட்டு மெல்லிசாகக் கிரீஸ் பூசினால் போதும். சீல் வைத்த பேரிங்குக்குள் கிரீஸ் திணிக்க வேண்டியதில்லை.

12. மாட்டியபின் சங்கிலிக் குறிகள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, டிரம் பிரேக்கைப் பிடித்து நிறுத்தும் கை பழையபடி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சு நட்டை மோட்டாரின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். முதலில் வீட்டைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய சடக்குக்கு ஏற வேண்டும். ஓரிரு நாள் கழித்து நட்டை மறுபடி பாருங்கள்.

13. உள்வளையம் மட்டும் பிய்ந்து வெளியே வந்து, வெளிவளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டதா? உளியால் கொத்தாதீர்கள். சக்கரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வெல்டிங் தெரிந்த பட்டறைக்குப் போங்கள். வளையத்தின் உள்ளே ஒரு கோடு வெல்டிங் வைத்து ஆறவிட்டால், அது சுருங்கித் தானாகவே கழன்று வரும்.

14. பழைய பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிவட்டத்தைக் கிரைண்டரில் சற்றுத் தேய்த்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை புதியதை இறக்கச் சாக்கெட் தேட வேண்டாம். அதையே மேலே வைத்துத் தட்டலாம், துளைக்குள் மாட்டிக்கொள்ளாது. மிச்சத்தைப் பலகை வண்டி கட்டப் பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.